தாத்தா இழைத்த மூங்கில் வில்

திருவெறும்பூரில் அந்த வீட்டின் கொல்லைப்புறச் சுவரில் ஒரு மரச்சட்டம் அறைந்திருக்கிறது. சட்டத்தின் மேல் படுக்கைவாட்டில் ஒரு மூங்கில் வில். நாணில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு கயிறு. அந்தக் கயிறு தரையில் பதித்த கப்பி வழியாகத் திரும்பி, பத்தடி தள்ளி நிற்கும் பெரியவரின் கைக்கு வருகிறது. அவர் இழுத்தால் வில் வளைகிறது. விட்டால் நிமிர்கிறது.

"இன்னும் கொஞ்சம் தாத்தா... போதும், போதும். அந்தப் பக்கம் தூங்குது."

சொல்வது பதின்மூன்று வயதுப் பேத்தி. கையில் சாக்பீஸ். 'தூங்குது' என்றால் வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நிற்கிறது என்று பொருள். இரண்டு மாதத்தில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட வார்த்தை அது.

பெரியவர் பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவெறும்பூரில் இது ஓர் அடையாளமே இல்லை. தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள். தேவர்கள் எறும்பாக உருமாறி வந்து வழிபட்டார்கள், அவர்கள் ஏற வசதியாக லிங்கமே சற்றுச் சாய்ந்துகொடுத்தது என்று சொல்லப்படும் எறும்பீஸ்வரர் மலைக்கோயிலால் பெயர் பெற்ற ஊர் இது. 1960-களில் கொதிகலன் ஆலை வந்த பிறகு, வெல்டிங்கால் சோறு தின்ற ஊரும் ஆனது. 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இங்கே வந்தது.

கொதிகலன் குழாய்களை இணைப்பது லேசான வேலை இல்லை. குழாய்கள் நெருக்கமாக நிற்கும். பின்பக்கம் தலை நுழையாது. அங்கே ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வெல்டு வைக்க வேண்டும். பெரியவர் அதில் பேர் வாங்கியவர். வைத்த வெல்டை எக்ஸ்-ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு சின்னக் குமிழ் தெரிந்தாலும் கிரைண்டர் போட்டுத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அது அவமானம்தான். ஆனால் நிரப்பலாம். அவருடைய தொழில் முழுக்கவே நிரப்புகிற தொழில். பள்ளம் இருந்தால் உலோகத்தை உருக்கி ஊற்று, தீர்ந்தது.

வில் அவரை மடக்கியது அங்கேதான்.

பேத்தி படிக்கும் பள்ளியில் வாரம் இரண்டு நாள் வில்வித்தை கற்றுத் தருகிறார்கள். பதினைந்து பிள்ளைகளுக்கு இரண்டு வில். இரண்டுமே மூங்கில். நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று ஒரு பிரிவு உண்டு. மூங்கில் அல்லது மர வில்லோடு 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்ய வேண்டும். வெளிநாட்டு வில்லுக்குக் கொட்டிக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு வாசல் இதுதான். ராஜஸ்தானின் லிம்பா ராமும், ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் கை பழகித்தான் ஒலிம்பிக் வரை போனார்கள்.

பள்ளியில் இருந்த வில் பேத்திக்குக் கனம். இழுக்கும்போது முதுகு பின்னால் சாய்ந்தது. ஒருநாள் தோள் வலியோடு வந்து உட்கார்ந்தவளிடம் தாத்தா, "ஒரு வில்லுதானே? நான் செஞ்சு தர்றேன்" என்றார். அடுப்படியிலிருந்து அப்பாயி எட்டிப் பார்த்து, "அவர் சொன்னா செஞ்சுடுவாரு. அதுவரைக்கும் நம்மள உட்கார விடமாட்டாரு" என்றார். இரண்டுமே நடந்தது.

தை மாதம் மூங்கில் கடையில் கெட்டியான கல்மூங்கில் ஒன்றைத் தேடி எடுத்தார். இரண்டாகப் பிளந்து, இரண்டு பிளாச்சையும் பரணில் போட்டார். மூன்று மாதம் காய்ந்தது. பச்சை மூங்கிலை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். பேத்தி நாணை இழுக்கும் தூரம் 24 அங்குலம். அதற்கு ஐந்தடி வில் போதும். அதைவிடக் குட்டையாகச் செய்தால் மூங்கிலுக்குப் பாரம் அதிகம். அகலம் ஒன்றேகால் அங்குலம். இவ்வளவையும் யூடியூப் பார்த்து, பழைய டைரியில் குறித்துக்கொண்டார். சித்திரை லீவு விட்டதும் வேலை ஆரம்பித்தது.

வில் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது. இழுவையைத் தாங்க நல்ல நார் வேண்டும். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது பச்சைத் தோலுக்கு அடியில். அதனால் தோல் பக்கம் குறியைப் பார்த்து இருக்க வேண்டும், அதன் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது. இழைப்பது முழுக்க உள்பக்கம் மட்டும். இங்கிலாந்துக்காரர்கள் யூ மரத்தில் நெடுவில் செய்தபோதும் கணக்கு இதுதான். வெளிப்பக்கம் இழுவை தாங்கும் வெள்ளை மரம், உள்பக்கம் நசுங்கலைத் தாங்கும் வைர மரம். 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை 1982-ல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட வில்களில் இந்த இரட்டை நிறம் இன்னும் தெரிகிறது.

வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளி போட்டு, உருவம் வந்தது. இரண்டு நாள். அதற்கு மேல்தான் அசல் வேலை. ஆங்கிலத்தில் டில்லரிங் என்கிறார்கள். வில்லின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி, பிடியிலிருந்து நுனி வரை சீராக வளையும்படி கொண்டுவருவது. இழுத்துப் பார், இறக்கு, விறைத்த இடத்தில் கொஞ்சம் சுரண்டு, மறுபடி மாட்டி முப்பது தடவை இழு, பிறகு பார். சுரண்டிய உடனே மூங்கில் தன் குணத்தைக் காட்டாது. முப்பது தடவை இழுத்த பிறகுதான் காட்டும். அந்த முப்பதைப் பத்தாக்கியவர்கள்தான் வில்லை உடைக்கிறார்கள்.

ஆரம்பத்தில் கப்பி இல்லை. சுவரில் முதுகு காட்டி நின்று, தலைக்கு மேலிருந்த வில்லின் நாணைக் கையாலேயே கீழே இழுத்தார். வளைவைப் பார்க்க எதிரே அலமாரிக் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடியில் வேலை பார்த்து முடி நரைத்த மனிதர்; அதைவிட இயல்பான யோசனை அவருக்கு வேறு வராது. கண்ணாடியில் இடது பக்கம் விறைப்பாகத் தெரிந்தது. திரும்பி வில்லை எடுத்தார், இடது பக்கத்தில் அரம் போட்டு ராவினார். மறுபடி பார்த்தார். இன்னும் விறைப்பு. மறுபடி ராவினார்.

மூன்றாவது தடவைதான் பேத்தி கேட்டாள். "தாத்தா, நீங்க திரும்பி நிக்கும்போது இடது வலதா ஆயிடும்ல?"

ஆகிவிட்டிருந்தது. விறைத்த கையை விட்டுவிட்டு, ஏற்கெனவே இளகியிருந்த கையைத்தான் மூன்று முறையும் ராவியிருக்கிறார். அந்தக் கையின் நடுவில் வில் வளையவில்லை, மடிந்தது. கதவுக் கீல் மாதிரி.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வெல்டாக இருந்தால் அரை மணி வேலை. மூங்கிலில் எதை உருக்கி ஊற்றுவது? அதுவும் தடிமன் விஷயத்தில் மூங்கில் ஈவு இரக்கம் பார்க்காது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கையால் தடவினால்கூடத் தெரியாத பள்ளம், நாண் ஏற்றினால் ஊருக்கே தெரியும்.

பிள்ளையிடம் கொடுக்கிற பொருள் என்பது வேறு ஒரு பயம். முழுக்க இழுத்த நிலையில் வில் முறிந்தால் சில்லு முகத்துக்கு நேராக வரும். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் மறுநாள் காலை வரை நினைத்திருந்தார்.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மடிந்த இடத்தை இனி தொடவே கூடாது. மற்ற எல்லா இடத்தையும், அடுத்த கையையும் சேர்த்து, அந்த இளகிய இடத்தின் அளவுக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். வில்லின் பலம் போகும். வில் பிழைக்கும். கொக்கித் தராசில் பத்து கிலோ இழுவை வர வேண்டும் என்று டைரியில் எழுதியிருந்தார். அதன் மேல் ஒரு கோடு போட்டார்.

கண்ணாடி அலமாரிக்குத் திரும்பிப் போனது. கப்பி வந்தது. பேத்தி சாக்பீஸால் ஒரு கையில் 'மே', இன்னொன்றில் 'கீ' என்று எழுதினாள். அவர் இழுப்பார், அவள் பார்ப்பாள். அவள் 'தூங்குது' என்று கோடு போட்ட இடத்தில் மட்டும் அவர் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார். அரத்தைத் தூர வைத்துவிட்டார். கண்ணாடிச் சில் பொடிதான் எடுக்கும், அவசரத்துக்கு உதவாது.

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வரும் கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போகும். ஆடி 17, 18-ல் அவன் பெயரில் மலையில் விழாவே எடுக்கிறார்கள். அந்த வில்லை இழைத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் ஒரு சாக்பீஸ் பிள்ளை இருந்திருக்குமோ என்னவோ.

மகன் குவைத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரு கோடை விடுமுறையில், தெரிந்தவர் பட்டறையில் அவனுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார் பெரியவர். மூன்றாம் நாள் வெல்டு கோணலாகப் போனதும், நாலு பேர் முன்னால் ஹோல்டரைக் கையிலிருந்து பிடுங்கினார். "பார்வையே இல்லடா உனக்கு" என்றார். அவன் அதற்குப் பிறகு ஹோல்டரைத் தொட்டதில்லை. சண்டையும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். "நல்லா இருக்கீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" பிறகு போன் அம்மாவிடம் போய்விடும்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீடியோ கால் வந்தபோது பேத்தி போனை நேராகக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். தொட்டிமேல் செங்கல் வைத்து நிறுத்தி, "அப்பா, பாரு" என்றாள். தாத்தா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். வில் இருபது அங்குலம் வரை வந்தது.

"கீழ்க் கை நுனியில ஒரு சாண் அப்படியே நேரா நிக்குதுப்பா" என்றது போன்.

அப்பாயி வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டார். மருமகள் கையிலிருந்த துணியை உதறவில்லை.

பெரியவர் கயிற்றைத் தளர்த்தினார். வில்லைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "எந்த எடத்துலேர்ந்து?" என்று கேட்டார்.

"கணுவுக்கு அப்பால. பாப்பாகிட்ட சாக்பீஸ் இருக்குல்ல, நான் சொல்றேன், அவ கோடு போடட்டும்."

அவள் போட்டாள். "இன்னும் மேல... அங்கதான்." பெரியவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வில்லைத் தொடையில் வைத்து, கண்ணாடிச் சில்லால் இருபது இழுப்பு சுரண்டினார். மாட்டினார். முப்பது தடவை இழுத்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா. கணுமேல கை வைக்காதீங்க, அது கெட்டியாவே இருக்கட்டும்."

அன்றைக்கு அந்த கால் ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது என்று பேத்தி போனைப் பார்த்துச் சொன்னாள். மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை.

நாண், மெழுகு தடவி முறுக்கிய பாலியஸ்டர் நூல். கொக்கித் தராசு 24 அங்குலத்தில் ஏழரை கிலோ காட்டியது. நினைத்ததில் முக்கால்தான். நாணைக் கழற்றினாலும் வில் ஒரு அங்குலம் வளைந்தே நிற்கிறது. மூங்கில் கொஞ்சம் களைத்துவிட்டது. பேத்தியிடம் கொடுக்கும் முன் அவரே நூறு தடவை இழுத்துப் பார்த்தார். அம்பு வைக்காமல் நாணை விடக் கூடாது, விட்டால் அந்த வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பும் என்று அவளுக்கு நாலு முறை சொன்னார். அவள் ஐந்தாவது முறை சொல்லவிடாமல் வில்லை வாங்கிக்கொண்டாள்.

வைக்கோல் திணித்த சாக்கு மூட்டைதான் குறி. பின்னால் மதில். பத்து மீட்டர். அவள் இழுத்தபோது முதுகு சாயவில்லை. முதல் அம்பு மூட்டைக்கு மேலே மதிலில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது மூட்டையின் ஓரத்தில் நின்றது. மூன்றாவதற்குள் அப்பாயி, "அடுப்புல குழம்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போகாமல் நின்று பார்த்தார்.

அந்த மூங்கிலின் இன்னொரு பாதி பரணில் இருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் அதையும் எடுத்து, இந்த முறை பத்து கிலோவே கொண்டுவந்துவிடலாம் என்று பெரியவருக்கு ஆசை. புரட்டாசியில் லீவு கிடைக்கும், அதுவரைக்கும் தொடாதீங்க என்று குவைத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. இடையில் மருமகள் அந்தப் பிளாச்சை எடுத்துக் கொடி கட்டித் துணி காயப்போடப் பார்த்தாள். பேத்தி பிடுங்கிக்கொண்டு போய்ப் பழையபடி பரணில் வைத்தாள்.