பட்டை ஒன்று கூட்டினால்

பெரியப்பாவின் கமாண்டர் ஜீப் எப்போதும் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். ஆள் இல்லாதபோது பார்த்தால் மூக்கைக் கீழே வைத்து எதையோ மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி இருக்கும். அரிசி மூட்டை ஏறி, மூட்டை மேல் ஆள் ஏறி, பின்படியில் நாலு பேர் தொங்கினால்தான் வண்டி மட்டத்துக்கு வரும். அரூருக்கும் சித்தேரி மலைக்கும் அவர் அதை ஓட்டிய காலத்தில், வண்டியைத் தூக்குவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏற்றுகிற பாரத்துக்குத் தக்கபடி பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவார்கள். வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் என்ற பேச்சு, என் தங்கை மகனான மருமகன் மஹிந்திரா தார் வாங்கிய பிறகுதான் வீட்டுக்குள் வந்தது.

அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் மலையேறாமல் திரும்ப மாட்டான். பஸ் போகிற ரோடு அவனுக்குப் பிடிக்காது. வாச்சாத்தி அடிவாரத்திலிருந்து கலசப்பாடி, அரசநத்தம் பக்கம் ஏறுகிற மாதிரியான தடம்தான் வேண்டும். "ரெண்டு இஞ்ச் போடட்டுமா, நாலு இஞ்ச் போடட்டுமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் கை ஞாபகம் வரும். மழை விட்ட மறுநாள் மலையேறும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து, பின் ஆக்சில் நடுவிலே உருண்டையாகத் தொங்குகிற கிரவுனுக்குக் கீழே கையை நுழைத்துப் பார்ப்பார். வழியில் கல் எழும்பியிருந்தால் இறங்கிப்போய் அதே கையால் கல்லையும் அளப்பார். பாடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அடிபடப் போவது கிரவுன்தான்.

மருமகனுக்கு முதலில் இதைத்தான் சொன்னேன். பின்னால் ஒரே கட்டை ஆக்சிலாக இருக்கிற வண்டியில் எவ்வளவு உயரமான ஸ்பிரிங் போட்டாலும் பாடிதான் மேலே போகும். ஆக்சில் டயரோடு கீழேயே நிற்கும். 2020-இல் வந்த தாருக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங், ஆனால் ஆக்சில் பழைய மாதிரி கட்டை ஆக்சில்தான். நாலு இஞ்ச் தூக்கினாலும் கிரவுனுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல்கூடக் கூடாது. கூட்டுவதற்கு இருக்கிற எளிய வழி டயர். அதுவும் பாதி கணக்குதான். 245/75 ஆர்16 டயரைக் கழற்றி 265/75 போட்டால் டயர் 30 மில்லிமீட்டர் உயரும், ஆக்சில் 15 மில்லிமீட்டர்தான் ஏறும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியானால் ஸ்பிரிங்கைத் தூக்குவதால் என்ன லாபம்? பெரிய டயர் சக்கர வளைவில் உரசாமல் இருக்க இடம் கிடைக்கும். முன் பம்பர் மேட்டில் இடிக்காது, நடுவயிறு திட்டில் உட்காராது. இதற்கெல்லாம் தாருக்குக் கம்பெனியிலிருந்து வரும்போதே 226 மில்லிமீட்டர் இடைவெளியும் 41 டிகிரிக்கு மேல் முன் ஏறுகோணமும் இருக்கிறது. பெரியப்பாவின் கமாண்டருக்கு அதெல்லாம் கிடையாது. எங்கள் பக்கம் ஓடிய கமாண்டர்களில் பலவும் பின்சக்கரம் மட்டும் தள்ளுகிறவை. அதை வைத்துக்கொண்டு சாமை மூட்டையும் புளி மூட்டையும் சந்தைக்கு இறக்கினார்கள்.

பெரியப்பா கமாண்டருக்குப் பட்டை கூட்டிய நாளில் நானும் அரூரில் ஸ்பிரிங் பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரர் யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, சென்டர் போல்ட்டை உருவியதும் கட்டு முழுவதும் சரசரவென்று பிரிந்து விழுந்தது. ஒவ்வொரு பட்டையாக எடுத்துப் பட்டடைக் கல்மேல் வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் நுனியிலிருந்து நடுவுக்கு நகர்ந்து நகர்ந்து சம்மட்டியால் வளைவு ஏற்றினார். அடித்ததை அடுத்த பட்டைமேல் வைத்துச் சூரிய வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும், நுனியில் தெரியக்கூடாது. தெரிந்தால் திரும்பவும் அடி. கடைசியில் பட்டைகளுக்கிடையே கிராபைட் கிரீஸைத் தடவி, புதுப்பட்டை ஒன்றையும் சேர்த்து முறுக்கினார். வண்டி நன்றாக எழும்பி நின்றது. எனக்கு அப்போது வயது குறைவு, அந்த உயரமே பெருமையாக இருந்தது.

அந்தப் பட்டை அதிக நாள் தங்கவில்லை. மூட்டையோடு ஏறும்போது வண்டி தங்கமாகப் போகும். சந்தை மூட்டை இல்லாத நாளில் இறங்கும்போது காலி வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கித் தூக்கிப் போடும். ஸ்பிரிங் மடங்கவே மாட்டேன் என்றது. காலியாக இறங்குகிற வண்டியில்தான் மேலிருந்து காய்ச்சல்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வருவார்கள். ரோடில்லாத வளவுகளிலிருந்து நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து வந்த செய்தியை இப்போதும் பேப்பரில் பார்க்கிறோம். அப்படி வந்து ஜீப்பில் ஏறியவர்களில் நிறைமாத அம்மா ஒருத்தி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, மெதுவா... மெதுவாண்ணா" என்று அடிவாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். மெதுவாகத்தான் ஓட்டினார். அந்த வாரமே பட்டறைக்குப் போய்க் கூட்டிய பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய பட்டைகளுக்கு வளைவு மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடிய உயரம் பாதியாகக் குறைந்தது. மூட்டையிலும் இரண்டைக் குறைத்துக்கொண்டார்.

வாச்சாத்தியைத் தாண்டும்போது பெரியப்பா பேசமாட்டார். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011-இல்தான். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 செப்டம்பர் ஆகிவிட்டது. ஜீப் சத்தம் கேட்டால் அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள் என்று பெரியப்பா பின்னால் சொல்வார். அந்த ஊர் வழியாக விளையாட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். மருமகனிடமும் சொல்லியிருக்கிறேன். ஊருக்குள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

அவனுடைய சிநேகிதன் ஒருவன் ஜிப்ஸி வைத்திருக்கிறான். மாருதி 1985-இல் கொண்டுவந்த அந்த வண்டிக்கு நாலு பக்கமும் பட்டைதான், ஆக்சிலுக்குக் கீழே கட்டியிருக்கும். அதை ஆக்சிலுக்கு மேலே மாற்றிக் கட்டினால் ஏறக்குறைய ஐந்து இஞ்ச் எழும்பும். எழும்பியதும் ஸ்டீயரிங் ராடு சாய்ந்துவிடும், குழியில் விழுந்தால் வண்டி தானாகத் திரும்பும். புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் மூட்டிலுள்ள கிராஸ் தேயும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது. ஷாக் அப்சார்பர் முழுசாக இழுபட்டு நிற்கும். ஒவ்வொன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஸ்பிரிங் மட்டும் வாங்கி மாட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்கிறவர்களோடு கொண்டை ஊசி வளைவில் இறங்க எனக்கு மனமில்லை. எடை மேலே போன வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று மூட்டை ஏற்றி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல், இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லாமல் எதிலும் கை வைக்காதே என்று அவனிடம் கண்டிப்பாகவே சொன்னேன். விபத்து நடந்தால் பக்கத்து சீட்டில் இருக்கப்போவது அவன் அம்மா, என் தங்கைதான்.

அவன் கிட்டை விட்டுவிடவில்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. கம்பெனி 'ஓல்டு மேன் இமு' என்ற பெயரில் விற்கிற ஸ்பிரிங்குகளின் விவரத்தைக் காட்டினான். அங்கேயும் முதலில் கேட்பது பாரம்தான். காலியா, கொஞ்சம் சுமையா, எப்போதும் முழுச் சுமையா என்று பார்த்துத்தான் ஸ்பிரிங் தருகிறார்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் முன்னால் மாட்டினால் முன் ஸ்பிரிங் வேறு. காலி வண்டிக்குக் கனத்த ஸ்பிரிங் போட்டால் பெரியப்பாவின் புதுப்பட்டைக் கதைதான்.

"என் வண்டிக்கு எந்த பாரம்னு எப்படி மாமா கண்டுபிடிக்கறது?" என்றான். மலைக்குப் போகும்போது என்னென்ன ஏற்றுவாயோ அத்தனையும் ஏற்று, டேங்கை நிரப்பு, ஏறுகிற ஆளையெல்லாம் உட்கார வை. எடைமேடையில் முன்சக்கரம் மட்டும் நிற்கும்படி ஒரு எடை, பின்சக்கரம் மட்டும் நிற்கும்படி ஒரு எடை போடு. பிறகு எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் காலி வண்டிக்கும் அதே மாதிரி போட்டுச் சீட்டு வாங்கிக்கொள். நாலு எடையையும் எழுதிக்கொண்டு வா, எந்த ஸ்பிரிங் என்று அப்புறம் பேசலாம் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறான்.