புத்தரின் மூக்குத் துளை (குட்டிகளோடு ஜப்பான் – 4)

போன வாரம் எங்களைக் கியோட்டோவில், ஃபுஷிமி இனாரி மலையின் பாதிப் படியில் விட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தோழி கேட்டாள்: "மூன்றரை வயசுப் பையனை இழுத்துக்கிட்டு இவ்வளவு செலவு பண்ணி எதுக்குடி ஜப்பான்? அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?" நியாயமான கேள்விதான். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆனால் குனிந்து பார்த்தால் மட்டுமே கண்ணில் படுகிற ஜப்பான் ஒன்று இருக்கிறது. அவன் கூட இல்லையென்றால் நாங்கள் குனிந்திருக்கவே மாட்டோம். அதிகம் குனிந்தது நாராவில்.

முதலில் கடிகாரக் கணக்கு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஏழு என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது விடிகாலை மூன்றரை. கூட்டம் சேர்வதற்கு முன் ஆறு மணிக்கே கோயில் வாசலில் நில்லுங்கள் என்று எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்கின்றன. எழுதியவர்கள் யாரும் இந்தியாவிலிருந்து பிள்ளைகுட்டியோடு போனவர்கள் இல்லை. நாங்கள் பத்து மணிக்குத்தான் அறையைவிட்டுக் கிளம்பினோம். அதற்குப் பதிலாக ராத்திரி பத்து மணிக்கும் இரண்டும் விழித்துக்கொண்டு ஆட்டம் போட்டன.

கியோட்டோவிலிருந்து நாராவுக்கு ஜேஆர் ரயிலும் போகிறது, கின்டெட்சு ரயிலும் போகிறது. கைக்குழந்தையோ தள்ளுவண்டியோ இருந்தால் யோசிக்காமல் கின்டெட்சுவில் ஏறுங்கள். அதன் நாரா நிலையத்திலிருந்து மான் பூங்காவுக்கு நடை குறைவு. ஆறு வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்; பெரியவளுக்கு ஏழு வயது என்பதால் அரை டிக்கெட்.

ரயிலில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரு மனக்குறை. நெல்லை எக்ஸ்பிரஸில் இதே பயலோடு ஏறினால் தாம்பரம் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் மடியில் வாங்கிக்கொள்வார். செங்கல்பட்டு வரும்போது அவன் கையில் முறுக்கு இருக்கும், இறங்கும்போது கன்னம் கிள்ளிச் சிவந்திருக்கும். இங்கே பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் பாட்டுப் பாடினான், இருக்கையில் ஏறி நின்றான், எதிரில் இருந்தவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். அந்த மனிதர் மெல்லத் தலையசைத்துவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டார். "ஒரு ஆளு பிள்ளைய ஏறிட்டுப் பாக்கலியே, கல்லு மனசுக்காரங்க" என்றார் அத்தை.

நாரா நிலையத்தில் இறங்கியதும் அவனைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நம்மூரில் சின்னப் பிள்ளையோடு தனியாகப் போகிற அம்மாக்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். பிள்ளையை முடித்து வெளியே நிறுத்திவிட்டு நாம் உள்ளே போக முடியாது. உள்ளே கூட்டிப்போனால் ஈரத் தரையில் உட்காரும், கண்டதைத் தொடும். இங்கே அந்தச் சிற்றறைக்குள்ளேயே, மூலைச் சுவரில், குழந்தையை உட்கார்த்த ஒரு சின்ன இருக்கை பதித்திருந்தார்கள். கால் இரண்டையும் விட இரண்டு இடைவெளி, முன்னால் வார். இவன் அதற்குக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைதான், ஆனாலும் ஏறி உட்கார்ந்துகொண்டு சாமி சப்பரம் போல என்னைப் பார்த்தான். வெளியே வந்தால் அவன் இடுப்பு உயரத்தில் ஒரு கைகழுவும் தொட்டி. பெரிய கடைகளில் பால்மாவு கலக்க வெந்நீர்க் குழாயோடு தனி அறையே உண்டு. இந்த ஊரில் பிள்ளைகளைக் கொஞ்சுகிற வேலையைக் கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நாற்காலி கன்னத்தைக் கிள்ளுமா?"

நிலைய வாசலில் நீரூற்றுக்கு நடுவே ஒரு துறவியின் சிலை. கியோகி என்று பெயர், எட்டாம் நூற்றாண்டுக்காரர். பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

கியோட்டோவுக்கு முன்னால், 710 முதல் 784 வரை, நாராதான் தலைநகரம். இப்போது அது மான்களின் ஊர். பூங்காவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஆயிரத்துக்கு மேல் திரிகின்றன. வேலி இல்லை, சொந்தக்காரர் இல்லை. எல்லாமே காட்டு மான்கள். அங்கேயுள்ள காசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மானில் ஏறி வந்ததாக ஐதீகம். அதனால் பழைய காலத்திலிருந்தே அவற்றின் மேல் யாரும் கை வைப்பதில்லை. 1957-இல் அரசாங்கமும் அவற்றை நாட்டின் இயற்கைச் செல்வமாக அறிவித்துவிட்டது. சாலையைக் கடக்கிற மானுக்காகப் பேருந்து நிற்கிறது. மான் அதைச் சட்டை செய்வதே இல்லை.

மான்களுக்கென்றே தவிடும் மாவும் சேர்த்துச் சுட்ட வட்ட பிஸ்கட் விற்கிறார்கள். நாங்கள் வாங்கியபோது ஒரு கட்டு 200 யென். விற்கிற பாட்டியம்மாவின் பெட்டியில் அவை குவிந்து கிடக்கின்றன, பக்கத்திலேயே நான்கைந்து மான்கள் நிற்கின்றன, ஆனால் ஒன்றும் பெட்டியில் வாய் வைப்பதில்லை. காசு கைமாறி, கட்டு நம் கைக்கு வந்த நொடியில்தான் சூழ்ந்துகொள்கின்றன. யார் கடைக்காரர், யார் ஏமாளி என்று அவற்றுக்குத் துல்லியமாகத் தெரியும்.

பெரியவள் குனிந்து வணங்கினாள். எதிரே நின்ற மானும் தலையைத் தாழ்த்தி வணங்கியது. அவள் இன்னொரு முறை வணங்க, அதுவும் இன்னொரு முறை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பிஸ்கட்டைக் கொடுக்காமல் போக்குக் காட்டினால் அடுத்த வணக்கம் முட்டாக வரும். கடிக்கும், உதைக்கும், முட்டும், தள்ளிவிடும் என்று படம் போட்டே பலகை வைத்திருக்கிறார்கள். நமக்கு அது இடுப்பு உயர விலங்கு. சின்னவனுக்கோ மானின் கண்ணும் அவன் கண்ணும் ஒரே மட்டம். ஈரமான கறுப்பு மூக்கு அவன் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அவன் அழவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டில் ஒரு கடி கடித்து, மென்று, துப்பிவிட்டு, மிச்சத்தை அதன் வாயில் கொடுத்தான். "இனிப்பே இல்ல" என்று அதனிடம் சொல்லவும் செய்தான்.

இதற்குள் ஒரு மான் என் கணவர் பின்பாக்கெட்டில் சொருகியிருந்த வரைபடத்தை உருவிப் பாதி தின்றுவிட்டது. இன்னொன்று அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க, "ஆச்சி, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுங்க!" என்று பெரியவள் கத்தினாள். அத்தை கையை விரித்துக் காட்டினார். மான் தலைப்பை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனது. காலிக் கையைக் காட்டினால் விலகிப்போகிற கடன்காரரை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் என் கணவர்.

மான்களைத் தாண்டினால் தோதாய்ஜி கோயில். வாசல் கோபுரத்தில் இருபக்கமும் மரத்தில் செதுக்கிய துவாரபாலகர்கள், எட்டு மீட்டருக்கும் மேல் உயரம். 1203-இல் உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்கள் பட்டறைக்காரர்களும் சுமார் 70 நாளில் செய்து முடித்தது. சின்னவன் என் காலைக் கட்டிக்கொண்டு நகர மறுத்ததால் அந்த இடத்தை வேகமாகக் கடந்தோம்.

உள்ளே வெண்கலப் புத்தர். உட்கார்ந்த நிலையிலேயே சுமார் 15 மீட்டர். 735-இலிருந்து மூன்று வருஷம் பெரியம்மை ஜப்பானைச் சூறையாடியது. பஞ்சமும் கலகமும் வேறு. அந்த நிலையில்தான், 743-இல், ஷோமு பேரரசர் இந்தப் புத்தரை வார்க்க ஆணையிட்டார். ஊர் ஊராகப் போய் மக்களிடம் பொருளும் உழைப்பும் திரட்டிக் கொடுத்தவர் நிலைய வாசலில் பார்த்த கியோகி. மண்டபம் 1180-இலும் 1567-இலும் போரில் எரிந்தது. இப்போது நிற்பது 1709-இல் முடிந்தது. பழையதைவிட அகலம் குறைவு என்கிறார்கள். அப்படியும் 57 மீட்டர், அத்தனையும் மரம்.

752-இல் புத்தருக்குக் கண் திறந்தார்கள். நம்மூரில் குடமுழுக்குக்கு முன் ஸ்தபதி சுவாமிக்குக் கண் திறப்பாரே, அதே சடங்குதான். திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியாவில் பிறந்து, சீனம் போய், அங்கிருந்து 736-இல் ஜப்பான் வந்தவர். அவரைத் துறைமுகத்தில் வரவேற்றவரும் அதே கியோகிதான். போதிசேனர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, அதன் மறுபக்கத்தைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்களாம், எல்லாருமே கண் திறந்ததாக இருக்கட்டும் என்று. அந்தத் தூரிகையும் கயிறும் இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஷோசோயின் கருவூலத்தின் பொக்கிஷங்களாக இன்றுவரை பிழைத்திருக்கின்றன. அவர் எழுதிய கண்கள்தான் இல்லை. இப்போதிருக்கும் தலை 17-ஆம் நூற்றாண்டில் புதிதாக வார்த்தது.

இதையெல்லாம் சொன்னதும் அத்தை கைகூப்பி நின்றுவிட்டார். "நம்ம பக்கத்து ஆளா? இவ்வளவு தூரம் எப்படி வந்திருப்பாரு? என்ன சாப்பிட்டிருப்பாரு?" சைவச் சாப்பாட்டுக்காரர் அவர். அன்று காலையில்தான் நாங்கள் தங்கிய விடுதியில் "காய்கறி சூப்" என்று வந்ததில் மீன் கருவாட்டுச் சாறு இருந்தது தெரிந்து பட்டினியோடு எழுந்திருந்தார். அந்தக் கேள்வி வயிற்றிலிருந்து வந்தது.

ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளைப் புத்தர் ஈர்க்கவில்லை, புத்தருக்குப் பின்னால் இருந்த தூண்தான் ஈர்த்தது. அந்தப் பருத்த மரத் தூணின் அடியில் ஒரு துளை. ஒரு சாணுக்கு மேல் உயரம், ஒன்றரைச் சாண் அகலம். புத்தரின் மூக்குத் துளையும் இதே அளவு என்கிறார்கள். அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அடுத்த பிறவியில் ஞானம் கிட்டும் என்று நம்பிக்கை. தூண் முன்னால் பெரிய வரிசை. பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள், எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. பெரியவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, பக்கவாட்டில் படுத்து, வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். எத்தனையோ காலமாகப் பிள்ளைகள் உராய்ந்து உராய்ந்து துளையின் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. சின்னவன் உள்ளே போய்விட்டு வெளியே வர மறுத்தான். இருட்டாக, தன் அளவுக்குக் கச்சிதமாக ஒரு வீடு கிடைத்த சந்தோஷம். வரிசையில் நின்ற ஒரு ஜப்பானியச் சிறுமி மண்டிபோட்டு, துளைக்குள் தலையை விட்டு, அவனிடம் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாளோ, சிரித்துக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்துவிட்டான். அத்தையின் முகம் மலர்ந்தது.

"நீங்களும் முயற்சி பண்ணுங்கம்மா" என்று கணவர் சீண்டினார்.

"ஞானம் வந்தா அடுத்த பிறவியே கிடையாதுங்காவ. இங்க என்னடான்னா ஞானமே அடுத்த பிறவியிலதானாம்ல. எனக்கு வேண்டாம்ப்பா, முட்டு வலி போனாப் போதும்."

அதற்கும் அங்கேயே வழி இருந்தது. மண்டபத்துக்கு வெளியே, சிவப்புத் துணி போர்த்திய ஒரு மரச் சிலை. புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். அவர் உடம்பில் எந்த இடத்தைத் தடவிவிட்டு நம் உடம்பில் அதே இடத்தைத் தடவுகிறோமோ, அந்த வலி போகுமாம். அத்தை அவருடைய முழங்காலைத் தடவித் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சின்னவனைத் தூக்கி, அவருடைய வயிற்றைத் தொடவைத்து, இவன் வயிற்றைத் தடவிவிட்டார். பேரன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது அவருடைய நெடுநாள் புகார்.

திரும்பும் வழியில், நிலையத்துக்குப் பக்கத்தில், நகாதானிதோ என்ற மோச்சிக் கடை. வெந்த அரிசியை உரலில் போட்டு இரண்டு பேர் சம்மட்டியால் மாற்றி மாற்றி இடிக்கிறார்கள். சம்மட்டி மேலே போகிற இமைப்பொழுதில் ஒருவர் கையை உள்ளே விட்டு மாவைப் புரட்டுகிறார். கூச்சல், தாளம், வேகம். ஒரு இழை பிசகினால் கை போச்சு. மூலிகை சேர்த்த பச்சை மாவுக்குள் சிவப்புப் பயறு இனிப்பு வைத்து, சோயா மாவில் புரட்டிச் சூடாகத் தருகிறார்கள். அத்தை இரண்டு சாப்பிட்டார். சிறு பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், பசை போல இழுக்கும், தொண்டையில் சிக்கும். கிள்ளிக் கிள்ளித்தான் ஊட்டினேன்.

மாலை ரயிலில், முதுகை மறைக்கும் தோல் பையோடு ஒரு பள்ளிச் சிறுமி ஏறினாள். பெரியவளைவிட ஒரு வயது கூட இருந்தால் அதிகம். தனியாக வந்தாள், உட்கார்ந்தாள், தன் நிலையம் வந்ததும் இறங்கிப் போனாள். "அவ அம்மா எங்கம்மா?" என்று பெரியவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அத்தை ரொம்ப நேரம் அந்தக் கதவையே பார்த்துவிட்டு, "அப்ப ஊரே பாத்துக்கிடுதுன்னுதானே அர்த்தம்" என்றார். காலையில் கொடுத்த கல்மனப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

நாராவுக்குப் போகிறவர்கள் அரை நாள் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகள் இருந்தால் முழு நாள் ஒதுக்குங்கள். தள்ளுவண்டி வேண்டாம், பையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதம் எதுவும் வேண்டாம். குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது, குப்பை போட ஒரு பை கொண்டுபோங்கள். சைவர்கள் பருப்புப் பொடி எடுத்துச் செல்லுங்கள். மூலைக் கடைகளில் வெறும் சோற்றைப் பொட்டலமாக விற்கிறார்கள், சூடாக்கிக்கொள்ளலாம். கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டைகளில் உமெபோஷி என்று கேட்டு வாங்கினால் உள்ளே உப்பும் புளிப்புமாக ஊறிய பழம் இருக்கும். எதற்கும் கடைக்காரரிடம் மீன் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் ஹிரோஷிமா. ஏழு வயதுப் பிள்ளையை அந்த அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போகலாமா என்று எங்கள் இருவருக்குள் முதல் நாள் ராத்திரி நடந்த சண்டையிலிருந்து தொடங்குகிறேன்.