குடத்தின்மேற் பழி

தன்னாமுனையில், வாவியை அண்டிய எமது தமக்கையாரின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் சென்று வருவது எமது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நாளில், கிணற்றடியிலிருந்து நீர்க்குடத்துடன் திரும்பிய அவர் வாசற்படியில் மயங்கி விழுந்தார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் சோதித்தபோது, கடுமையான குருதிச்சோகை என்றும், கருப்பையில் வளர்ந்துள்ள நார்க்கட்டியே அதற்குக் காரணம் என்றும் தெரியவந்தது. மாதந்தோறும் மிகுதியாகக் குருதி போவதை மூன்று வருடங்களாக அவர் எவரிடமும் சொல்லவில்லை. கல்லூரியிற் கலப்பிரிவைப் பற்றிப் பாடஞ் சொல்லும் நாமும், அவருடைய வெளிறிய முகத்தைக் கண்டுங் காணாதிருந்தோம்.

“பாரந் தூக்கித் தூக்கி நானே தேடின வினைதானே, தம்பி?” என்று அக்கா கேட்டார். அக்கேள்விக்கு விடை காணவே நூல்களைப் புரட்டினோம்.

கருப்பைத் தசையின் ஒரேயொரு கலத்தில், பரம்பரையலகொன்றில் நேரும் சிறு மாற்றமே பல கட்டிகளுக்கு வித்தாகின்றது. 2011ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகர ஆய்வாளர்கள், 80 பெண்களிடமிருந்து பெற்ற 225 கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 159 கட்டிகளில், எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ‘மெட் 12’ என்னும் பரம்பரையலகு மாறியிருந்தது. உடலின் ஏனைய கலங்களில் அம்மாற்றம் இல்லை; கட்டி தோன்றிய கலத்திலேயே அது நேர்ந்திருந்தது.

அவ்வாறு மாறிய கலம் பெருகுவதற்கு ஓமோன்கள் துணைசெய்கின்றன. ஈஸ்திரசன், புரொஜெஸ்தரோனை ஏற்கும் ஏற்பிகளைக் கலங்களில் மிகுவிக்கின்றது. புரொஜெஸ்தரோன் கலங்களைப் பெருகத் தூண்டுகின்றது. வேறு சில வளர்ச்சிக் காரணிகள் நார்ப்புரதங்களைக் குவிக்கின்றன. கட்டி இறுகிக் கடினமாவது அதனாலேயே. மாதவிடாய் முற்றாக நின்று ஓமோன்கள் குறைந்தபின் கட்டியும் பொதுவாகச் சுருங்கிவிடும். இது புற்றுநோயும் அன்று. இவ்வரலாற்றிலே குடத்துக்கு இடம் எங்கே? வினைக்குத்தான் இடம் எங்கே?

இவற்றை எளிய சொற்களில் அக்காவுக்கு எடுத்துரைத்தோம். நெடுநேரம் வாவியையே பார்த்திருந்தவர், “அப்போ, இது என்ட பிழையில்லையா?” என்றார். அவ்வினா எம் நெஞ்சைச் சுட்டது. கட்டி அவர் பிழையன்று. மூன்று வருடங்கள் ஒரு வார்த்தை கேளாதிருந்ததோ எமது பிழை.

சத்திரசிகிச்சைக்குப்பின் அக்கா தேறிவிட்டார். அயல்வீட்டுப் பெண்களிடம், “மாதம் மாதம் அதிகமாய்ப் போகுதா? மறைக்காம டொக்டரிட்டக் காட்டுங்க” என்று இப்பொழுது அவரே சொல்லி வருகின்றார். நாமும் ஞாயிறுதோறும் சுகம் விசாரிக்கின்றோம். விடையைப் பொறுமையுடன் கேட்டபின்னரே தேநீரைக் கையில் எடுக்கின்றோம்.