பார்டர் பரோட்டா தெரியும்... அந்த பார்டர் தெரியுமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு ரவுண்டு. தலை காய்வதற்குள் பசி வந்துவிடும். அடுத்த ஸ்டாப் செங்கோட்டைக்கு முன்னால் இருக்கும் பிரானூர். வேறெதற்கு? பார்டர் பரோட்டாவுக்குத்தான்!

பிய்த்துப்போட்ட பரோட்டா மேல் சால்னாவை ஊற்றி ஒரு பிடி பிடித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கேரள எல்லை இன்னும் மேற்கே, புளியரைப் பக்கம் அல்லவா இருக்கிறது? இங்கே ஏது பார்டர்?

1956 நவம்பர் 1 வரை இருந்தது. செங்கோட்டை அதுவரை மலையாள தேசத்தோடு, அதாவது திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஊர் நுழைவில் உள்ள பழைய வளைவில் அந்த அரசின் சங்கு முத்திரையைப் பார்க்கலாம். எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

ஆனால், அந்தச் சங்கு முத்திரையோடு வந்த ஆணைகள் எல்லாம் அழகானவை அல்ல. தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கத்தை அரசே காவல் காத்தது. தெற்கே நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மேலாடையோடு ஜெபத்துக்குப் போனார்கள். சந்தையில் அந்தத் துணி கிழிக்கப்பட்டது. லண்டன் மிஷன் பாதிரியார்கள் அரசுக்கும் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கும் மனு மேல் மனு போட்டார்கள். முதலில் கிடைத்தது குப்பாயம் என்ற ஜாக்கெட்டுக்கு அனுமதி, அதுவும் மதம் மாறியவர்களுக்கு மட்டும். மற்ற பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? அந்த மனுக்களைப் படிக்கும்போது எனக்கு உறுத்தியது இதுதான்.

அடிமை முறையையும் அவர்கள் விடவில்லை. 1847-ல் மிஷனரிகள் சேர்ந்து மகாராஜாவுக்கே விண்ணப்பம் கொடுத்தார்கள். எட்டு வருடம் கழித்து, 1855-ல் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் வந்தது.

தோள்சீலைக் கலவரம் 1858 கடைசியில் மறுபடி வெடித்தது. ஜெபக்கூடங்கள் எரிந்தன. இந்த முறை புகார் மதராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் வரை போனது. ரெசிடென்ட் கல்லனுக்கு அவர் கடுமையாக எழுதிய பிறகுதான் திருவனந்தபுரம் அசைந்தது.

1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. இனி நாடார் பெண்கள் கிறிஸ்தவரானாலும் இந்துவானாலும் ஜாக்கெட் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியும் கட்டலாம். ஆனால், மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல மட்டும் அணியக் கூடாது! அனுமதி கொடுக்கும்போதுகூட ஒரு குட்டு.

இத்தனைக்கும் அடி வாங்கிய அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை. பாதிரியார்கள் பெயரும் திவான்கள் பெயரும்தான் ஃபைலில் இருக்கின்றன. அவர்கள் மறுபடி மறுபடி அதே துணியோடு சந்தைக்குப் போகாமல் இருந்திருந்தால், மனு எழுத விஷயமே இருந்திருக்காது.

பிரானூரில் என் பக்கத்து டேபிளில் அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம். பாட்டி நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார், பேத்தி ஈர டீ-ஷர்ட்டில். "இன்னும் ரெண்டு பரோட்டா வைங்கண்ணே" என்று பாட்டிதான் குரல் கொடுத்தார்.

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வளைவை முதலில் பார்த்துவிடுங்கள், பரோட்டாவுக்குப் பிறகு நடக்க முடியாது.