கொஞ்சம் எம்பக்கமா இழுத்து வை

அப்பாவுக்கு எழுபது முடிஞ்சிருச்சு. இன்னமும் விடியக்காலை நாலரைக்கெல்லாம் எழுந்து, அம்மாவும் ஆளுங்களும் பறிச்சுப் போட்ட முல்லையைச் சாக்குல கட்டி, ஸ்ப்ளெண்டர்ல வச்சுக் கீரமங்கலம் பூக்கடைக்குக் கொண்டு போறவர் அவர்தான். எங்க பக்கம் பூ விவசாயம் செய்யுற எல்லா வீட்டுலயும் இந்த அவசரம் உண்டு. வெயில் ஏறுறதுக்குள்ள பூ கடைக்குப் போயிடணும். அரும்பு விரிஞ்சிட்டா விலை பாதி.

நான் போறேன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கேட்க மாட்டார். பூவைப் போட்டுட்டு, டீக்கடையில நாலு பேருகிட்ட பேசி, பேப்பரைப் புரட்டிட்டு வந்தாத்தான் அவருக்கு அன்னைக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டணத்துல அது ஒருநாள் செய்தி. எங்களுக்கு அது ஒரு தலைமுறைக் கணக்கு. தென்னை, பலா, சந்தனம், தேக்குன்னு நின்னதெல்லாம் ஒரே ராத்திரியில படுத்துருச்சு. விழுந்த தென்னையை அறுத்து ஒதுக்குறப்ப மட்டை வழுக்கி அப்பா கீழே விழுந்தார். வலது மணிக்கட்டுல முறிவு. மாவுக்கட்டு போட்டுப் பிரிச்ச பிறகும் அந்தக் கை பழைய மாதிரி மடங்கலை. அதோட அஞ்சாறு வருஷம் ஓட்டிட்டார். போன வருஷம் இடுப்பு வலியும் சேர்ந்துகிச்சு. முன்னால குனிஞ்சு ஹேண்டில்பாரைப் பிடிச்சா உடம்போட பாரம் முழுக்க மணிக்கட்டுல இறங்குது. கீரமங்கலம் போயிட்டு வந்து, கையை வெந்நீர்ல முக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தப்பத்தான் சொன்னார். "தம்பி, அந்த ஹேண்டிலைக் கொஞ்சம் எம்பக்கமா இழுத்து வச்சுக் குடுடா. எட்டிப் பிடிக்க முடியல."

நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. செல்போனை எடுத்து ரெண்டு ராத்திரி வீடியோவாப் பார்த்தேன். ஹேண்டில்பார் மாத்துறது எப்படி, எந்த உயரம், எந்த வளைவுன்னு எல்லாம் பார்த்துட்டு, புதுக்கோட்டையில ஒரு பழைய சாமான் கடைக்குப் போய், வேற ஏதோ வண்டியிலிருந்து கழட்டின, மூணு அங்குலம் உயரமான, பின்பக்கமா நல்லா வளைஞ்ச ஒரு ஹேண்டில்பாரை வாங்கிட்டு வந்தேன். பெரும்பாலான வண்டிகளுக்கு இந்தக் குழாயோட கனம் 22 மில்லிமீட்டர்தான், அதனால நம்ம பிடியில சரியா உட்காரும். அப்பா கேட்டது ஒண்ணு, நான் வாங்கியது ஒண்ணுங்கிறது அப்ப எனக்கு உறைக்கலை.

ஒரு ஞாயித்துக்கிழமை, பலாமரத்து நிழல்ல வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். வீட்டுலயே செய்யணும்னு நினைக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் விவரமாவே சொல்லுறேன்.

முதல் வேலை, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கறது. எந்த வயர் எதுக்கு முன்னால போகுது, எதுக்குப் பின்னால போகுதுன்னு கழட்டின பிறகு சத்தியமா ஞாபகம் இருக்காது. அடுத்து, பெட்ரோல் டேங்க் மேல கோணிச்சாக்கை மடிச்சுப் போடணும். ஸ்பேனர் தவறி விழுந்தா பெயிண்ட் போயிடும். கண்ணாடியைக் கழட்டி, கிளட்ச் லிவர், பிரேக் லிவர், ரெண்டு பக்கச் சுவிட்ச், ஆக்ஸிலேட்டர் பிடி எல்லாத்தையும் தளர்த்தி உருவி, வயரோட அப்படியே தொங்க விடலாம். இடதுபக்க கிரிப் மட்டும் லேசுல வராது. அதுக்குள்ள மெல்லிசு ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சோப்புத் தண்ணியை ஊத்தி முறுக்கினா வந்துடும். திரும்பப் போடும்போது உள்ளே ரெண்டு சொட்டுப் பெட்ரோலைத் தடவினா வழுக்கிக்கிட்டுப் போகும். பெட்ரோல் காய்ஞ்சதும் இறுகிடும்.

சுவிட்சுப் பெட்டிக்குள்ள ஒரு சின்ன முளை இருக்கும். அது ஹேண்டில்பார்ல இருக்கிற ஓட்டையில போய் உட்காரணும். நான் வாங்கின பார்ல அந்த ஓட்டை வேற இடத்துல இருந்துச்சு. சில பேர் அந்த முளையை வெட்டி விட்டுடுவாங்க. அப்படிச் செஞ்சா முறுக்கும்போது பெட்டியே சேர்ந்து சுத்தும். அதனால டிரில்லரைக் கொண்டு வந்து அளந்து ஓட்டை போட்டேன். நாலு போல்ட்டையும் முறுக்கி முடிச்சு நிமிர்றப்ப மதியம் ரெண்டு மணி. பார்க்க அம்சமா இருந்துச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டர் வேலை செய்யுது, கிளட்ச் பிடிக்குது, பிரேக் பிடிக்குது. வயரெல்லாம் கொஞ்சம் விறைப்பா நின்னது கண்ணுல பட்டுச்சு. போகப் போகச் சரியாயிடும்னு விட்டுட்டேன்.

தப்பு அங்கேதான் நடந்துச்சு.

அப்பா சாயங்காலம் வண்டியை எடுத்தார். உட்கார்ந்ததும் முதுகு நேரா நின்னுச்சு. முகத்துல ஒரு சந்தோஷம். தோப்புப் பாதையில போனார். மோட்டார் கொட்டகைகிட்ட இடதுபக்கமா ஒடிச்சுத் திருப்பினார். அந்த நிமிஷம் இன்ஜின் தானா உறுமுச்சு. அவர் முறுக்கலை. முறுக்கினதை விட்டும் சத்தம் குறையலை. வண்டி ஒரு எம்பு எம்பி வாழைக்குப் போற வாய்க்காலுக்குள்ள இறங்கிருச்சு. இன்னும் பத்தடி தள்ளித்தான் பழைய கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

நான் ஓடிப் போய்ப் பார்த்தப்ப அப்பா வாய்க்கால் சேத்துல உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். முழங்கால்ல சிராய்ப்பு, வேற ஒண்ணும் இல்லை. திட்டுவார்னு நினைச்சேன். "நான் முறுக்கலடா தம்பி"ன்னு மட்டும் சொன்னார். அதை ரெண்டு தடவை சொன்னார். தனக்கு வயசாகிப் போச்சு, கை தப்புப் பண்ணிருச்சுன்னு நான் நினைச்சிடுவேனோன்னு பயந்த மாதிரி இருந்துச்சு.

என்ன நடந்துச்சுன்னா, ஆக்ஸிலேட்டர் வயர்ல ரெண்டு பாகம். வெளியே உறை, உள்ளே கம்பி. உள்கம்பியை இழுத்தா கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் கூடுதலாத் திறக்கும். ஹேண்டிலை இடதுபக்கம் ஒடிக்கும்போது வலதுகைப் பிடி டேங்கை விட்டு முன்னால தள்ளிப் போகுது. பழைய பாரா இருந்தா வயர்ல அதுக்கு மிச்ச நீளம் இருக்கும். நான் மூணு அங்குலம் உயர்த்தினதுல அந்த மிச்சம் காலி. உறை இழுபட்டு இடம் நகர்ந்தா, யாரும் முறுக்காமலே உள்கம்பி இழுபட்ட கணக்குத்தான். இதே கதைதான் கிளட்ச் வயருக்கும், அது வலதுபக்கம் ஒடிக்கும்போது. முன் பிரேக் வயர் சக்கரத்தோடயே திரும்பறதால ஒடிக்கிறப்ப தெரியாது. பள்ளத்துல இறங்கி முன்சக்கரம் தொங்குறப்ப அது இழுத்துப் பிடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் படிப்பு வேண்டாம். வண்டியை நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வச்சு, ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிச்சுப் பார்த்திருந்தா போதும். சத்தம் மாறுச்சுன்னா வயர் பத்தலைன்னு அர்த்தம். அரை நிமிஷ வேலை. நான் செய்யலை.

அன்னைக்கு ராத்திரி இன்னொரு காரியமும் செஞ்சேன். அதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. வண்டிச் சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். மறுநாள் பூவை நானே கொண்டு போனேன். அதுக்கு மறுநாளும் நானே. மனசுக்குள்ள ஒரு நிம்மதி. தப்பு என்னோடதுதான், ஆனா அதையே சாக்கா வச்சு அவரை வண்டியிலிருந்து இறக்கிடலாம்னு ஒரு கணக்கு. "உங்களுக்கு இனிமே வண்டி வேண்டாம்ப்பா"ன்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. திண்ணையில உட்கார்ந்து, ரோட்டுல போற வண்டிகளைப் பார்த்துக்கிட்டிருந்தார். மூணு நாள்ல ஆளே சுருங்கின மாதிரி ஆயிட்டார்.

நாலாவது நாள் அம்மா பூக்கூடையைத் தூக்கிக்கிட்டு எதிர்ல வந்து நின்னுச்சு.

"சாவி எங்கேடா?"

"எங்கிட்ட இருக்கு. எதுக்கும்மா?"

"அன்னைக்கு ஊரே கூடி என்னைய வண்டியேறக் கூடாதுன்னுச்சு. இன்னைக்கு நீ ஒத்த ஆளா நின்னு ஒங்கப்பனைக் கூடாதுங்குற. அவ்வளவுதான் வித்தியாசம்."

இது புரியணும்னா ஒரு பழைய கதை சொல்லணும். 1991, 92-ல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோட நிக்காம, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கத்துக் கொடுத்தாங்க. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். பின்னால பத்திரிகையாளர் சாய்நாத் தன்னோட புத்தகத்துல எழுதி, உலகத்துக்கே தெரிஞ்ச கதை அது. கல் குவாரியில வேலை பார்த்தவங்க, வயக்காட்டுல வேலை பார்த்தவங்க, அங்கன்வாடி ஊழியர்கள்னு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளே ஓட்டினவங்க நிறைய. குறுக்குக் கம்பியில பிள்ளையை உட்கார வைக்கலாம்ங்கிறதால அதுவே பிடிச்சும் போச்சு. அந்தக் கம்பியில உட்கார்ந்து போன பிள்ளைகள்ல நானும் ஒருத்தன். அம்மா போற வழியில ஆம்பளைங்க கேலி பேசினது எனக்கு அரைகுறையா ஞாபகம் இருக்கு. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காது.

"எனக்குக் கால் எட்டலை, கை எட்டலை. ஒங்கப்பாதான் சீட்டை இறக்கி, ஹேண்டிலை ஏத்தி வச்சுக் கொடுத்தாரு. விழுந்தேன். விழுந்ததுக்காகச் சைக்கிளைப் பிடுங்கி வைக்கலை. எங்க இடிக்குதுன்னு கேட்டாரு"ன்னுச்சு அம்மா.

அதுக்கு மேல பதில் சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?

அன்னைக்கே புது பாரைக் கழட்டினேன். நீளமான வயர் வாங்கிப் போட்டு அதையே ஓட்டலாம்தான். ஆனா வேற ஒண்ணும் உறுத்துச்சு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. வேற வண்டி பார், வேற நீள வயர்னு நாளைக்கு நடுரோட்டுல ஒண்ணு ஆனா அப்பாதான் பதில் சொல்லணும். அதனால பழைய பாரையே எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன்.

இந்தத் தடவை அப்பாவைக் கூப்பிட்டு வண்டி மேல உட்கார வச்சேன். போல்ட்டை இறுக்காம லூசா விட்டுட்டு, "கண்ணை மூடிக்கிட்டு, கை எங்க சுகமா இருக்கோ அங்க வைங்கப்பா"ன்னேன். கையை நீட்டினார். பாரைக் கொஞ்சம் பின்னால உருட்டினேன். "இன்னும் ஒரு விரக்கடை" என்றார். உருட்டினேன். "போதும்." அங்கேயே போல்ட்டை இறுக்கினேன். பாரைப் பின்னால உருட்டினா லிவர் வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடும். அதைத் தளர்த்திக் கீழ்நோக்கிச் சாய்ச்சேன். விரலை நேரா நீட்டினா லிவர் மேல விழணும், மணிக்கட்டு மேலயோ கீழயோ மடங்கக் கூடாது. அதுதான் கணக்கு. கிரிப் மேல பழைய சைக்கிள் டியூபை ஒரு துண்டு வெட்டி மாட்டினேன், பிடி கனமா இருந்தா இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கண்ணாடியைத் திரும்பச் சரி பண்ணினேன். கிளட்ச் லிவர்லயும் ஆக்ஸிலேட்டர்லயும் லேசான ஆட்டம் இருக்கான்னு பார்த்தேன். பாரைக் கடைசி வரைக்கும் ஒடிச்சு, அது டேங்குல இடிக்கலைன்னு உறுதி பண்ணிக்கிட்டேன்.

பிறகு ஸ்டார்ட் பண்ணி, இடது கடைசி, வலது கடைசி. சத்தம் மாறலை. அப்பாவையும் ஒடிச்சுப் பார்க்கச் சொன்னேன். அவர் நாலு தடவை ஒடிச்சுப் பார்த்தார்.

"இதைத்தானடா நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார்.

பார் நகர்ந்தது மொத்தமா ரெண்டு விரக்கடை. செலவு பூஜ்யம். பழைய சாமான் கடையில கொடுத்த காசை இதுல சேர்க்கலை.

சாவியைக் கொடுத்தேன். மறுநாள் காலை பின்னாலேயே என் வண்டியில போனேன், அவருக்குத் தெரியாம. இருட்டுல ஹெட்லைட் வெளிச்சத்துல பூச்சாக்கு மட்டும் முன்னால வெள்ளையாத் தெரிஞ்சுது. கொத்தமங்கலம் தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டார்.

"பின்னால வந்தது போதும். போய் வாழைக்குத் தண்ணி பாய்ச்சு."

திரும்பி வந்துட்டேன். வந்ததும் முதல் வேலையா அந்தப் பழைய கிணத்தைச் சுத்தி ஆளுயரத்துக்கு வேலி அடிச்சேன். அதுவும் பத்து வருஷமா அப்பா சொல்லிக்கிட்டிருந்த வேலைதான்.