மாமாவின் துப்பாக்கி

சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்கு அருவி தெரியும். மலையடிவாரத்து ராக்காவல் தெரியாது. காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் கடலை, மரவள்ளி எல்லாம் பாழ். அதற்காகத்தான் என் மாமனார் லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும்.

அவர் காலமானதும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அப்பாவின் லைசென்ஸ் பிள்ளைக்குத் தானாக வராது. தாமதிக்காமல் ஒப்படைக்கணும் என்கிறது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். வேண்டுமென்றால் வாரிசு புதிதாக மனுப் போடலாம்.

"அப்பா ஞாபகமா வீட்டுக்கே கொண்டு வந்திரலாம், மதினி" என்றார் கொழுந்தன்.

நான் கணக்குப் போட்டேன். தோட்டா விலை ஏறிக்கொண்டே போகிறது. லைசென்ஸ் கட்டணம் வேறு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்கு அலைச்சல் வேறு. சட்டமாவது ஒரே மாதிரி இருக்கிறதா? 2019 திருத்தத்தில், ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது 2 ஆயிற்று. லைசென்ஸ் காலம் 3 வருஷம் என்பது 5 ஆயிற்று. 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசு உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் வனத்துறையார்தான் சுடலாம். பிறகு நமக்கு எதற்கு அது?

எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் இரண்டு வாண்டுகள். பீரோ சாவியைக் கண்டுபிடிக்க அதுகளுக்கு எத்தனை நேரமாகும்?

"மாமா ஞாபகத்துக்கு அவர் வச்ச மாமரம் இருக்கு, தம்பி" என்றேன். கொழுந்தன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சரியென்றார்.

துப்பாக்கி இருக்கிற வீட்டுச் சகோதரிகளே! தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை ஓரிடத்திலும், தோட்டாவை வேறிடத்திலும் பூட்டச் சொல்லுங்கள். சாவி லைசென்ஸ்காரரிடமே இருக்கட்டும். லைசென்ஸ் முடிகிற தேதியை, பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.