முதல் பக்கத்தில் லயம்

பிப்ரவரி 8, 2025. சனி

வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சு. துணிப்பை கட்டிலுக்கு அடியில், இன்னும் பிரிக்கவில்லை. லேப்டாப் மட்டும் மேசையில். ஃபேன் மூன்றில் சுற்றியும் வேர்வை நிற்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றின லோரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிருது.

பதில் இல்லை. இன்டர்ன் வேலை கேட்டு எழுதின எந்தக் கட்டடக்கலை ஆபிஸிலிருந்தும்.

சீனியர் அக்கா போன் பண்ணினார். போர்ட்ஃபோலியோவை முழுசாகப் பார்த்திருக்கிறார். "எல்லாம் அழகா இருக்கு தங்கச்சி. ஆனா பேர மறைச்சிட்டா யாரோடதுன்னு சொல்ல முடியாது." இப்படியா பேசுவது? அப்போதிலிருந்து கோபம். சாப்பிட்டும் போகவில்லை.

பிப்ரவரி 9. ஞாயிறு

அக்காவை நானே கூப்பிட்டேன். தன் ஆபிஸுக்கு வருகிற போர்ட்ஃபோலியோக்களை அவர்தான் முதலில் புரட்டுகிறாராம். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிசு. முதல் சில பக்கம், கடைசிப் பக்கம். நடுவில் கண் ஓடும். குழுவாகச் செய்ததென்றால் அதில் உன் கை எது, எழுது. ரெண்டர் எவ்வளவு பளபளப்பு என்று அங்கே யாருக்கும் அக்கறையில்லை. சுவரும் கூரையும் எங்கே எப்படிச் சேருது, மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகுது, இது தெரிந்த பிள்ளையா? அதுதான். இன்டர்னுக்கு வந்த முதல் வாரம் கையில் கொடுப்பது கதவு ஜன்னல் அட்டவணையும் கழிவறை டீட்டெயிலும்தானாம்.

நியாயம்தான்.

போர்ட்ஃபோலியோவில் முதலில் தூக்கியது சாஃப்ட்வேர் திறமை காட்டும் பட்டைகளை. ஆட்டோகேட் 90, ரெவிட் 70, ஸ்கெட்ச்அப் 95. எதை வைத்து 95? போயாச்சு. அந்த இடம் வெள்ளையாகவே கிடக்கட்டும்.

பிப்ரவரி 11. செவ்வாய், தைப்பூசம்

அண்ணனும் அம்மாவும் நேற்று ராத்திரியே பத்துமலை. பாட்டிக்குக் கால் வலி. பாட்டிக்குத் துணை என்று நான் தங்கிவிட்டேன். முருகா, கோவிச்சுக்காதே. அடுத்த வருஷம் கட்டாயம்.

மத்தியானம் முழுக்க மின்மினி மையத்தோடு. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை, பெரெம்பாங் மரங்கள், இரண்டாம் ஆண்டு ஸ்டூடியோவில் செய்தது. வகுப்பில் ஒருவன் மெசேஜ்: படம் இருட்டா இருக்கு, வெளிச்சத்தக் கூட்டு, அப்பதான் எடுபடும். மின்மினி தன் வெளிச்சத்தை வைத்துத்தான் ஜோடியைத் தேடுது. கரையெல்லாம் விளக்கைப் போட்டால் அது எதைப் பார்த்துப் போகும்? அங்கே சம்பான்கூட துடுப்புப் போட்டுத்தான் போகுது. நான் போட்டிருப்பது முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்த சிவப்பு விளக்கு. அதற்கு மேல் கூட்டமாட்டேன்.

கழுத்து பிடித்துக்கொண்டது. கோடாலித் தைலம்.

பிப்ரவரி 13. வியாழன்

பதில் இல்லை.

காலையில் பாட்டியோடு பழைய லயத்துக்கு, தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு. கடைசி வரிசைதான் நிற்குது. போன விடுமுறையில் பாதி அளந்தது, மீதி இன்றைக்கு. டேப்பின் நுனியைப் பாட்டி பிடித்துக்கொண்டது. விடு என்று சொல்லும்வரை விடாது.

அறை 3.05க்கு 3.05. ஜன்னல் 0.60க்கு 0.90. பலகைச் சுவர் உத்தரத்தோடு நின்றுவிடுது. அதற்கு மேலே கூரை வரைக்கும் திறப்பு, வரிசை முழுக்க. "அந்த வீட்ல இருமுனா இந்த வீட்ல சுடுதண்ணி வைப்போம்" என்றது பாட்டி. வாசற்காலில் ஒரு ஆணி, பால்வெட்டும் கத்தி மாட்டினது. ஆணிக்குக் கீழே மரம் பிறை மாதிரி தேய்ந்திருக்கு. கத்தி ஆடி ஆடித் தேய்ந்தது. தொட்டுப் பார்த்தேன். சுற்றியெல்லாம் சொரசொரப்பு, அந்தப் பிறை மட்டும் வழவழ. வீட்டுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடையின் தூணில், பால்வாளி சுமந்த காண்டாக் கம்பு சாய்த்த இடத்தில் இன்னொரு தேய்வு. இரண்டையும் அளந்தாச்சு. ஆணி தரையிலிருந்து 1.62. பாட்டி கையைத் தூக்கிக் காட்டியது, சரியாக அங்கே போய் நிற்குது.

பிப்ரவரி 14. வெள்ளி

1984 கட்டடத் துணைச்சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். குடியிருப்பு வீட்டில் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டாவது 9.3. மற்றது 6.5. ஜன்னல், தளப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

லயத்து அறை 9.3. ஜன்னல் 0.93 இருக்கணும், இருப்பது 0.54. தாத்தா, பாட்டி, ஐந்து பிள்ளைகள் அங்கேதான். பின்னால் அடுப்படி.

லயத்தைக் கட்டினபோது இந்தச் சட்டம் கிடையாது, தெரியும். ஆனாலும் இரண்டு எண்ணும் பிளானில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். விளக்கம் எழுதப்போவதில்லை. எழுதினால் அழுகை வந்துவிடும், எனக்கு.

பிப்ரவரி 16. ஞாயிறு

லயத்தைத் தூக்கிக் கடைசியில் போட்டேன். பயமாக இருக்கு. கோலாலம்பூர் ஆபிஸில் திறந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தோட்டத்துப் பிள்ளை, பாவம் என்றா? பாவம் வேண்டாம். மேசை வேண்டும், வேலை வேண்டும், ஒரு கட்டடம் எழும்புவதைக் கிட்டத்தில் நின்று பார்க்கணும்.

முதல் பக்கம் நான் வடிவமைத்த நூலகம். பார்க்க நன்றாகத்தான் இருக்கு.

பதில் இல்லை.

பிப்ரவரி 18. செவ்வாய்

தூக்கம் வரவில்லை. லிம் ஜீ யுவானின் மலாய் வீடு பற்றிய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1987இல் வந்தது. காற்று எங்கே நுழையுது, வெயில் எங்கே மறையுது, பிள்ளை பெற்றால் வீட்டை எந்தப் பக்கம் நீட்டுவார்கள், எல்லாம் வெறும் கோட்டில். பளபளப்பு கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் மரியாதை.

குவாங்கில் ரிம்புன் டாஹான் இருக்கே. பேராக்கில் இருந்த உடா மானாப் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டு வந்து கட்டடக்கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரி தன் தோட்டத்தில் நிறுத்தினார். யூடிஎம் பல்கலைக்கழகத்தில் பழைய வீடுகளை வருஷா வருஷம் மாணவர்களே அளந்து வரைகிறார்கள். ஒரு வீட்டை வரைவது அதில் இருந்தவர்களைப் பெரிய மனுஷராக நடத்துவது. லயத்துக்காரர்களுக்கும் அது வேண்டும். முதல் பக்கத்தில் வேண்டும்.

மாற்றியாச்சு. மணி 2.40. பசிக்குது.

பிப்ரவரி 20. வியாழன்

அப்பா சாப்பிடும்போது ஐந்து தோட்டத்துத் தொழிலாளிகளின் வீட்டுக் கதையைத் திரும்ப எடுத்தார். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார். 245 குடும்பத்துக்கு வீடு. எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி ஆறிப்போனது சோறு.

அந்த வீட்டு பிளானைப் பார்க்கணும். அடுப்படிக்குப் பின்வாசல் உண்டா? வெளியே உட்கார்ந்து பேச இடம் உண்டா? அஞ்சடி மாதிரி ஒன்று? லயத்தில் அறை சின்னது, அஞ்சடி நீளம். பாதி வாழ்க்கை அங்கேதான் என்று பாட்டி சொல்லும். கல்யாணப் பேச்சு, சண்டை, பேன் பார்ப்பது, எல்லாம். அஞ்சடியைத் தனியாக ஒரு பக்கம் வரையணும். நீளப் பக்கம், வரிசை முழுக்க, ஆட்களோடு.

பிப்ரவரி 22. சனி

இன்றைக்கு முழுக்க லைன் வெயிட். வெட்டுப்படுகிற சுவர் 0.5, தள்ளித் தெரிவது 0.18, பலகை இடுக்கு 0.09. அக்கா அனுப்பிய ஒரு மாதிரியைப் பார்த்த பிறகு என் பழைய செக்‌ஷனெல்லாம் சப்பென்று இருக்கு. அளவுகோல், வடக்கு அம்பு, எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில். எழுத்து ஒன்பது புள்ளி.

அம்மா: "இன்னும் எத்தன வருஷம்மா?" பட்டம் முடித்தால் பார்ட் 1. அப்புறம் மாஸ்டர், அது பார்ட் 2. அப்புறம் வேலை அனுபவம், கட்டடக்கலைஞர் வாரியமான லெம்பாகா ஆர்கிடெக்கின் பார்ட் 3. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தார்.

பதில் இல்லை. எரிச்சல். எல்லார் மேலும்.

பிப்ரவரி 24. திங்கள்

கோலா சிலாங்கூர் போய் ஏ3இல் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். திரையில் தெரிந்த 0.09 கோடு தாளில் காணோம். 0.13 ஆக்கணும். மின்மினிப் பக்கம் தாளில் அருமை. கருப்புக்குள் சிவப்பு, அப்புறம்தான் ஆறு தெரியுது. மனசு நிறைந்துபோச்சு.

நூலகத்தை இரண்டு பக்கமாகக் குறைத்தேன். புக்கிட் மெலாவத்தி குரங்கு ஸ்கெட்ச் எல்லாம் வெளியே. ஒன்று மட்டும் வைத்துக்கொண்டேன். பிடிக்குது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 26. புதன், சிவராத்திரி

பாட்டி கோவிலில் கண் விழிக்குது. நான் இங்கே. பிடிஎஃப் 23 எம்பி. குறைத்தால் பலகைக் கோடு மங்குது. குறைக்காவிட்டால் மெயில் திருப்பி அடிக்குது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சின்னதாக்கி, கோட்டை வெக்டராகவே விட்டு, 8.6. தெளிவு!

ஒவ்வொரு ஆபிஸுக்கும் தனித்தனியாக எழுதினேன். அவர்கள் கட்டினதில் எனக்குப் பிடித்தது எது, ஏன். மணி 4.10. எல்லாம் போய்ச் சேர்ந்தது. இதயம் தொண்டையில்.

பிப்ரவரி 28. வெள்ளி

பதில் இல்லை. பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதினேனே, பொய். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறேன்.

மார்ச் 1. சனி

ஒரு ஆபிஸ் இல்லை என்று எழுதிவிட்டது. இந்த வருஷம் இடம் நிறைந்துவிட்டதாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். குளிக்கப் போய் ரொம்ப நேரம் தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 3. திங்கள்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பதில்!

வியாழன் காலை 10. நேரில் வரச்சொல்லி. லயத்து வீட்டை அளந்தபோது கையால் எழுதின குறிப்புத் தாள்களையும் எடுத்து வரணுமாம். அந்த ஆணியின் உயரத்தை ஏன் அளந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஆணியை! கை நடுங்குது.

அண்ணன் சுங்கை பூலோ எம்ஆர்டியில் இறக்கிவிடுவான். நீலச் சட்டையைத் துவைக்கணும். தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். கூரைக் கைமரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, அது மட்டும் எதிலும் இல்லை. ஏணி வேண்டும். அண்ணனுக்கு நாளைக்கு மத்தியான ஷிஃப்ட். விடிந்ததும் கூப்பிட்டால் வருவான். டேப்பைப் பிடிக்கப் பாட்டி இருக்கு.